டெல்மர் மனைவியின் குரலைத் திருத்தப் போனது

கிழக்குக் கென்டக்கியில் டெல்மர் கூம்ஸைத் தெரியாத வீடு குறைவு. ஏசியும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. பனி கொட்டும் மாதங்களில் யார் வீட்டில் சூடு நின்றாலும் முதல் போன் அவனுக்குத்தான் வரும். வீடுகளின் அடித்தளத்துக்குக் கீழே தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அதிகம் பேசமாட்டான். யார் மனமும் நோக ஒரு வார்த்தை சொல்லமாட்டான் என்று பேர் எடுத்தவன். "இது இனிமே தேறாதும்மா, புதுசு வாங்கிடுங்க" என்று ஒரு வீட்டுக்காரியிடம் சொல்லவே ஒரு கோப்பை காப்பி குடித்து, வானிலை பேசி, நாய்க்குட்டியைத் தடவிக் கொடுத்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வருவான். அதை நல்ல குணம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

அவன் மனைவி ஆர்வெல்லா நேர் எதிர். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. முந்நூறு பிள்ளைகள் போடும் கூச்சலை ஒரே அதட்டலில் அடக்குவாள். அதே குரலில் பாட ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள். சர்ச்சுகளில் பாடும் குடும்பம் அவர்களுடையது. ஆர்வெல்லா முன்குரல், தங்கை ஓப்பல் துணைக்குரல், ஓப்பலின் கணவன் எஸ்டில் கிட்டார், டெல்மர் பேஸ் கிட்டார். கோடை வந்தால் சனி ஞாயிறு ஒன்றுகூட வீட்டில் தங்கமாட்டார்கள். மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான பின்னறையில் சுவர் முழுக்கக் கனத்த கம்பளிகளை அடித்து, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர் வைத்து, டெல்மரே பாட்டுகளைப் பதிவு செய்வான். அந்தச் சிடிக்களை சர்ச் வாசலில் மேசை போட்டு விற்பார்கள்.

போன குளிர்காலத்தில் ஆர்வெல்லாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி நல்லபடியாக வெளியே வந்துவிட்டது. குரல் மட்டும் அதோடு போனது போல இருந்தது. வெகுநாள் வெறும் காற்றுதான் வந்தது. சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. வசந்தம் பிறந்ததும் ஒருநாள் தானாகவே பின்னறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "மெஷினைப் போடு டெல்மர், பாத்துடலாம்" என்றாள்.

தானே எழுதிய பாட்டு ஒன்றைப் பாடினாள். அவள் அப்பா சுரங்கத்திலிருந்து வீடு திரும்புவதைப் பற்றிய பாட்டு. கீழ் ஸ்தாயியில் ஒன்றும் குறையில்லை. மேலே ஏறும்போதுதான் குரல் தொய்ந்தது. தொட வேண்டிய இடத்துக்கு ஒரு இழை கீழேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் அப்படியே. அவளுக்கு அது தெரியவில்லை. பழைய தொண்டையின் ஞாபகத்திலேயே பாடினாள். டெல்மருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"நிஜமாவா? சும்மா சொல்லாத."

"பழைய மாதிரியே இருக்கு, தங்கம்."

ஆர்வெல்லா முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். ஓப்பலுக்குப் போன் போட்டு, "டெல்மரே சொல்லிட்டான், அப்படியே திரும்பி வந்துடுச்சாம்" என்று கத்தினாள். டெல்மர் கேபிளைச் சுருட்டுவதுபோலக் குனிந்துகொண்டான்.

அதன்பிறகு அவள் எங்கும் பாடினாள். ஈஸ்டருக்குப் பாடினாள். ஊர்க்காரர் ஹோபர்ட் கிழவரின் அடக்கத்தில் சவப்பெட்டி பக்கத்தில் நின்று பாடினாள். ஒவ்வொரு முறையும் மேல் சுரத்தில் குரல் சரிய, பெஞ்சுகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிரார்த்தனையில் குனிகிறார்கள் என்று அவள் நினைத்தாள். பக்கத்தில் பேஸை மீட்டிக்கொண்டிருந்த டெல்மருக்கு அது பிரார்த்தனை இல்லை என்று தெரியும்.

கோடைக்குப் புதுச் சிடி வேண்டும் என்று ஓப்பல் ஆரம்பித்தபோது டெல்மருக்கு ஒரு வழி தோன்றியது. பதிவு செய்த குரலில் சுருதியைத் திருத்தும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவளுக்குத் தெரியாமலேயே சரி செய்துவிடலாம். சிடியைக் கேட்டு அவளும் சந்தோஷப்படுவாள். யாருக்கும் ஒரு பொல்லாப்பும் இல்லை.

மூன்றைச் சோதனைக்கு இறக்கிப் பார்த்தான். பதிவு மென்பொருளோடு இலவசமாக வந்தது ஒன்று. அது குரலைக் குளத்தில் முக்கி எடுத்ததுபோல ஆக்கியது. இரண்டாவது, பாடப்பாடவே தானாகச் சுரத்தைப் பிடித்து இடத்தில் நிறுத்தியது. ஆனால் சுரத்துக்குச் சுரம் வழுக்கிப்போகும் ஆர்வெல்லாவின் இழுப்பையெல்லாம் வெட்டி, படிக்கட்டு மாதிரி அடுக்கிவிட்டது. மூன்றாவதில் ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு கட்டியாகத் தெரியும். மவுஸால் பிடித்து ஒவ்வொன்றாக மேலே நகர்த்த வேண்டும். பொறுமை வேண்டும், காது வேண்டும். அதில் அவன் கை வைத்ததெல்லாம் யாரோ தூக்கத்தில் பாடுவதுபோல வந்தது. தப்பு மென்பொருளிலா, தன் கையிலா என்று தெரியவில்லை. வாங்கினால் எதை வாங்குவது என்று குழம்பிப்போனான்.

வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. பல வருடமாக அதைப் படிப்பான், எழுதியதில்லை. அன்று துணிந்து எழுதினான். 'பெண் குரல், ஐம்பது தாண்டிய வயது, மேல் சுரங்களில் சுருதி இறங்குகிறது. எந்த மென்பொருள் உதவும்?' கூடவே, வாத்தியம் ஏதும் இல்லாமல் ஆர்வெல்லாவின் வெறும் குரலை ஒரு சரணம் அளவுக்கு வெட்டி ஏற்றினான். பேர் போடவில்லை. அதனால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தான்.

முதல் பதில் உடனே வந்தது. 'மண்வெட்டி வாங்கு. கொல்லையில் குழி தோண்டு.'

இன்னொருவன், 'என் வண்டியில் ஃபேன் பெல்ட்டில் பூனை மாட்டினபோது இப்படித்தான் கேட்டது' என்றான்.

டெல்மருக்கு முகம் சூடேறியது. விட்டிருக்கலாம். 'அது என் மனைவி, மரியாதையாகப் பேசு' என்று எழுதியிருக்கலாம். அவனோ, அந்தக் கூட்டத்தில் தானும் ஒருவனாக நிற்க வேண்டும் என்ற ஏதோ ஒரு சபலத்தில், 'என்ன பண்ணறது, கட்டிக்கிட்டுத் தொலைச்சுட்டேனே' என்று எழுதிவிட்டான்.

சிரிப்பு பொங்கியது. 'பாவம்யா நீ', 'உனக்கு சொர்க்கம் நிச்சயம்', 'காதுக்குப் பஞ்சு அனுப்பட்டுமா?' என்று ஆளாளுக்கு எழுதினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கூட்டம் தன் நகைச்சுவைக்குச் சிரித்ததில் டெல்மருக்கு உள்ளுக்குள் ஒரு குளுமைகூட வந்தது. பின்னாளில் அவனை அதிகம் சுட்டது அந்தக் குளுமைதான்.

சிரித்த பிறகு அவர்கள் உதவவும் செய்தார்கள். அந்தச் சரணத்தை எடுத்துப்போய், அவரவர் வைத்திருந்த மென்பொருளில் திருத்தித் திருத்திக் கொண்டுவந்து போட்டார்கள். ஒன்றில் ஆர்வெல்லா இருபது வயதுக் குமரியாக இருந்தாள். ஒன்றில் ரோபோவாக இருந்தாள். கனடாவில் சஸ்காச்சுவானில் இருக்கும் ஒருவர், கேலி ஒரு வரி எழுதாமல், மூன்றாவது மென்பொருளில் கையால் திருத்தி அனுப்பியிருந்தார். அதைக் கேட்டதும் டெல்மர் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆபரேஷனுக்கு முந்தைய ஆர்வெல்லா. மூச்சுகூட அவள் மூச்சுதான். அன்றைக்கே அந்த மென்பொருளை வாங்கினான்.

ஜூன் மாதம் ஒரு மலைச் சர்ச்சில் ஆண்டுக் கூடுகை. பாட்டு முடிந்து, மரத்தடி மேசைகளில் சாப்பாடு. ஆர்வெல்லா வாழைப்பழப் புட்டிங்கை எல்லோருக்கும் அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மாவட்டத்தில் சொந்தமாக ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கும் பர்ல் ஃபியூகேட் தட்டை நீட்டியபடி வந்தார். வெள்ளை மனசு, வாய்க்குப் பூட்டு கிடையாது.

"டெல்மர் பிரதர், கடைசில எதைத்தான் வாங்கினீங்க? தானா பிடிக்கிறதா, கையால இழுக்கிறதா?"

டெல்மரின் வாயில் இருந்த சோள ரொட்டி அப்படியே நின்றது. "எ... எதை?"

"அந்த இன்டர்நெட் பக்கத்துல கேட்டிருந்தீங்களே! கேட்டதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. சுரங்கப் பாட்டை ஆர்வெல்லா சிஸ்டரைத் தவிர வேற யார் பாடுறா?" பர்ல் ஆர்வெல்லா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "சிஸ்டர், அந்தப் பசங்க எழுதினதை மனசுல வச்சுக்காதீங்க. தாய் வயித்துல பொறந்த பயலுங்களா அவங்க? ஆபரேஷன் பண்ணினா யாருக்கும் குரல் இறங்கத்தான் செய்யும்."

கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. ஆர்வெல்லா டெல்மரைப் பார்த்தாள். பிறகு பர்லின் தட்டில் புட்டிங்கை வைத்து, "ஆமா பிரதர், டெல்மர் எல்லாத்தையும் சொன்னாரு. நாங்க சிரிச்சுட்டு விட்டுட்டோம். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்றாள்.

அத்தனை பேர் நடுவில் அவள் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. டெல்மருக்கு நிலத்தில் புதைந்துபோகலாம் போல இருந்தது.

வழி முழுக்க அவள் ட்ரக்கின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல், "காட்டு" என்றாள்.

"வேண்டாம் ஆர்வெல்லா. அதெல்லாம் வெட்டிப் பசங்க..."

"காட்டுன்னேன்."

அவள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். மண்வெட்டியைப் படித்தாள். பூனையைப் படித்தாள். டெல்மர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் விரல் மவுஸின் சக்கரத்தில் நின்றது.

"'கட்டிக்கிட்டுத் தொலைச்சுட்டேனே.' இது நீயா?"

"ஆமா."

"ம்." திரையிலிருந்து அவன் பக்கம் திரும்பினாள். "பழைய மாதிரியே இருக்குன்னு எங்கிட்ட சொன்னது யாரு?"

"நான்தான்."

"பேர் தெரியாத, முகம் தெரியாத ஆளுங்ககிட்ட உண்மையைச் சொல்ல வாய் வந்துச்சு. பக்கத்துல படுத்திருக்கிறவகிட்ட வரலை."

"உன் மனசு நோகக் கூடாதேன்னுதான்..."

"ஹோபர்ட் சாவுல பாடினேனே டெல்மர்!" அவள் குரல் உடைந்தது. "அந்தக் குடும்பமே அழுதுட்டு நிக்குது. அவங்க முன்னாடி இந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு நாலு சரணம் பாடினேன். நீ பக்கத்துல நின்னு வாசிச்சுட்டு இருந்த. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓப்பலைப் பாட விட்டிருப்பேனே. ஊரே எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்திருக்கு. எனக்கு மட்டும்தான் தெரியலை."

நோகடிக்காதவன் என்று இத்தனை வருடம் சுமந்த பேரை அவள் ஒரு நொடியில் பிரித்துக் காட்டிவிட்டாள். உள்ளே இருந்தது கோழைத்தனம்.

அன்றிலிருந்து வீட்டில் பாட்டுச் சத்தம் நின்றது. பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பதுகூட இல்லை. பயிற்சிக்கு வந்த தங்கையிடம் "நீயே முன்குரல் எடுத்துக்க" என்று சொல்லிவிட்டாள். ஓப்பலுக்கு விஷயம் தெரிந்ததும் டெல்மரை ட்ரக் பக்கத்தில் மடக்கினாள்.

"ஏன்யா, ஊரு பூரா ஃபர்னஸ் பாக்குறியே, உன் மண்டைக்குள்ள எரியுற பைலட் நெருப்பு அணைஞ்சு கிடக்கே, அதைப் பாத்தியா?"

"தப்புதான் ஓப்பல்."

"தப்பா? எஸ்டில் மட்டும் என்னைப் பத்தி அப்படி எழுதியிருந்தா, அவன் கிட்டாரை அவன் எங்க தேடணும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

பக்கத்தில் நின்ற எஸ்டில் கிட்டார்ப் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

டெல்மர் அந்தப் பக்கத்தை நடத்துகிறவருக்கு எழுதி, எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிக் கேட்டான். 'மென்பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்க இது பலருக்கும் பயன்படுகிறது, நீக்குவதில்லை' என்று பதில் வந்தது. அப்படியானால் உண்மையையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தான். தன் முழுப்பேரைப் போட்டு, 'இது என் மனைவி ஆர்வெல்லா கூம்ஸ். தைராய்டு ஆபரேஷனில் குரல் போய், பாதிதான் திரும்பியது. அவள் பாடியதில் குற்றமில்லை. நான் எழுதிய கேலிக்கு வெட்கப்படுகிறேன்' என்று எழுதினான். மண்வெட்டிக்காரன் மன்னிப்புக் கேட்டான். நிறையப் பேர் 'நல்ல மனுஷன்' என்று பாராட்டினார்கள். டெல்மருக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. அதை ஆர்வெல்லாவிடம் காட்டினான்.

படித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "என் கழுத்தை அறுத்த கதையையும் சொல்லியாச்சா?"

"இல்ல, அவங்களுக்குப் புரியணும்னு..."

"முதல்ல பேராவது இல்லாம இருந்துச்சு. இப்ப பேரையும் போட்டுட்ட. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" அவள் கத்தக்கூட இல்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். "அவங்க உன்னை நல்ல மனுஷன்னு சொல்லிட்டாங்க. சந்தோஷமா இரு."

மன்னிப்புக் கேட்கப் போய், திரும்பவும் அவளை எடுத்துக் கூட்டத்தின் நடுவில் வைத்துவிட்டான் என்பது டெல்மருக்கு அப்போதுதான் உறைத்தது. அதன்பின் அந்த இணையப் பக்கத்தில் அவன் எதுவும் எழுதவில்லை. சர்ச்சில் யாராவது சிரித்தால் தன்னைப் பார்த்துத்தானோ என்று இருந்தது. பர்ல் ஃபியூகேட்டின் வண்டியைச் சாலையில் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பள்ளி விடுமுறை முடிந்து திறந்த வாரத்தில், வேலையிலிருந்து வந்த ஆர்வெல்லா சாப்பாட்டுக் கூடத்தில் தலைமுடிக்குப் போடும் வலையைக்கூட எடுக்காமல் நேரே பின்னறைக்குப் போனாள். "அவங்க திருத்தினதை எல்லாம் போடு. ஒண்ணு விடாம."

போட்டுக் கொடுத்துவிட்டு அவன் சமையலறைக்கு வந்து பின்டோ பீன்ஸைக் கிளறிக்கொண்டு நின்றான். கதவு திறந்தே இருந்தது. ஹெட்போன் மாட்டியிருந்ததால் சத்தம் ஏதும் வெளியே வரவில்லை. அவள் முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு இடத்தில் அந்த முதுகு குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். "ரோபோ மாதிரி ஒண்ணு இருக்கே, எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் அப்படியேதான் பேசுவா."

டெல்மருக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

"ஒண்ணு மட்டும் நான்தான். யார் பண்ணினது?"

"கனடாக்காரர் ஒருத்தர். அந்த சாஃப்ட்வேரைத்தான் வாங்கினேன்."

"சரி. சிடியை அதுலயே பண்ணலாம். ஓப்பல் என் பாட்டைப் பாடுறது எனக்குப் பிடிக்கலை, அவ ஒவ்வொரு வரியோட கடைசியையும் முழுங்கிடுறா." நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு முன் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். "ஆனா நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். எந்தச் சுரம் இறங்குதுன்னு நீ என் முகத்தைப் பாத்து வாயால சொல்லணும். சொல்லாம ஒண்ணைக்கூட நகர்த்தக் கூடாது."

"ஆர்வெல்லா, அது வேண்டாம். நான் பாட்டுக்கு..."

"உக்காரு."

உட்கார்ந்தான். சுரங்கப் பாட்டின் சரணம் ஓடியது. மேல் சுரம் வந்தது. நிறுத்தினான்.

"சொல்லு."

"இது... கொஞ்சம்..."

"கொஞ்சமா?"

"இறங்கியிருக்கு."

"ம். அடுத்தது."

"இதுவும் இறங்கியிருக்கு."

"எவ்வளவு?"

அவன் திரையைக் காட்டப் போனான். அவள் அவன் கையைக் கீழே இறக்கினாள். "திரை சொல்ல வேண்டாம். நீ சொல்லு."

"நிறைய," என்றான். அவள் கண்கள் நிறைந்தன. ஆனால் பார்வையை எடுக்கவில்லை. அவனாலும் எடுக்க முடியவில்லை. ஃபர்னஸ் குழிக்குள் எத்தனையோ முறை தவழ்ந்திருக்கிறான். இவ்வளவு நெருக்கடியான இடத்தில் அவன் இருந்ததில்லை. ஒரு சுரத்தில் பழக்கதோஷத்தில் "இது பரவாயில்லை" என்று வந்துவிட்டது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "இல்ல. இதுவும் போயிடுச்சு," என்று திருத்திக்கொண்டான். ஒரு பாட்டை முடிக்க அந்த வாரமே போனது. மென்பொருள் கைக்கு வசப்பட்டது என்னவோ உண்மை. ஆனால் ஒவ்வொரு கட்டியையும் மேலே நகர்த்தும்போது ஈஸ்டரும், ஹோபர்ட் கிழவரின் சவப்பெட்டியும், குனிந்த தலைகளும் அவன் கண்ணுக்கு வந்து போயின. முதல் நாளே, இதே நாற்காலியில், இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

கடைசிச் சரணத்தில் 'அப்பா' என்று வரும் இடத்தைத் திருத்தப் போனபோது அவள் தடுத்தாள். "இதை விட்டுடு."

"இறங்கியிருக்கு ஆர்வெல்லா."

"தெரியும். நீதான் சொல்லிட்டியே. விட்டுடு."

இலையுதிர் காலத்தில் சிடி வந்தது. மேடையில் மேல் சுரம் வரும் பாட்டுகளை ஓப்பல் பாடினாள். தாழ்ந்த பாட்டுகளை ஆர்வெல்லா எடுத்துக்கொண்டாள். ஒரு சர்ச் வாசலில் சிடி மேசை பக்கம் வந்த ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், சிடியைக் கேட்டேன். ஆண்டவர் உங்க குரலை அப்படியே திருப்பிக் கொடுத்துட்டாரே!"

"இல்லம்மா, மேல இருக்கிறதெல்லாம் மெஷின்," என்றாள் ஆர்வெல்லா, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஆபரேஷன்ல போனது போனதுதான். அதெல்லாம் டெல்மர் நகர்த்தி வச்சது. எது இறங்கியிருக்குன்னு அவர் சொல்லச் சொல்ல நான் பக்கத்துல உக்காந்திருந்தேன்."

அந்தப் பெண்மணி டெல்மரைப் பார்த்துப் புன்னகைத்தாள். "கெட்டிக்காரர்தான்."

டெல்மரின் காதுமடல் சிவந்தது. ஆர்வெல்லா அவனைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். அவனால் அந்தப் புன்னகைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. தரையில் இருந்த காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ட்ரக்கை நோக்கி நடந்தான்.